கோவளத்தை உலகுக்குக் காட்டிய கர்னல் கோதவர்ம ராஜா

திருவனந்தபுரத்தில் ஜி.வி.ராஜா என்ற பெயரைச் சொன்னால், பலருக்கும் விளையாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். அவர் பெயரில் விளையாட்டுப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அவர் பெயரில் வீரர்களுக்கு விருது கொடுக்கிறார்கள். அவர் பிறந்த அக்டோபர் 13-ந் தேதியைக் கேரளம் விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறது.

கோவளம், விழிஞம், கோட்டுகால் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கோ அவர் வேறொரு காரியத்துக்காக முக்கியமானவர். இந்தக் கரைக்கு வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் வர வழி திறந்தவர் அவர். ஓட்டல் வேலை, சலவை வேலை, படகு வாடகை, தேநீர்க் கடை என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வழியில் சோறு வந்தது. அதே வழியில் சாக்கடையும் குப்பையும் வந்தன. முன்னதைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் காலம் கிடைத்தது. பின்னதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

பாண்டியர் வழி வந்தவர்

லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா 1908-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி, கோட்டயத்துக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் உள்ள பூஞ்ஞாறு அரண்மனையில் பிறந்தார்.

பூஞ்ஞாறு ராஜ குடும்பம் தமிழர்களுக்கு அந்நியம் அல்ல. மதுரைப் பாண்டிய மன்னர் ஒருவர் மலை தாண்டி வந்து அங்கே நிலைத்தார் என்பது அந்தக் குடும்பத்தின் பரம்பரை வரலாறு. அதற்கு அடையாளமாக, இன்றும் பூஞ்ஞாற்றில் மதுரை மீனாட்சிக்குக் கோயில் இருக்கிறது.

இன்னொரு தொடர்பும் உண்டு. மூணாறு மலைகள் ஒரு காலத்தில் இந்தக் குடும்பத்தின் கையில் இருந்தன. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்ஞாறு ராஜா குத்தகைக்குக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் சோலைக்காடுகள் போய்த் தேயிலை வந்தது. தேயிலையோடு தமிழ்நாட்டிலிருந்து கூலிகளும் வந்தார்கள். அவர்களுடைய பேரன், பேத்திகள் இன்றும் அங்கே கொழுந்து கிள்ளுகிறார்கள். ஒரு மலை எப்படித் திறக்கப்படுகிறது, திறந்த பிறகு எப்படி மாறிப்போகிறது என்பதற்கு அந்தக் குடும்பத்திலேயே உதாரணம் இருந்தது. பிற்காலத்தில் அதே குடும்பத்து இளவரசர் ஒருவர் ஒரு கடற்கரையைத் திறந்தார்.

ராணியின் கணவர்

1934-ம் ஆண்டு ஜனவரியில், திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீ சித்திரைத் திருநாளின் ஒரே சகோதரியான கார்த்திகைத் திருநாள் லட்சுமிபாயை அவர் மணந்தார்.

திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம். ராணியின் பிள்ளைதான் ராஜா ஆவான்; ராணியின் கணவர் ராஜா ஆக முடியாது. அரண்மனையில் மரியாதை உண்டு, ராணுவத்தில் பதவி உண்டு, ஆட்சியில் பங்கு கிடையாது. வேறொருவராக இருந்தால் வெற்றிலைப் பெட்டியும் கதகளியுமாகக் காலம் கழித்திருப்பார். கோதவர்ம ராஜாவுக்கு அது முடியவில்லை. அதிகாரம் இல்லாத கைக்கு அவரே வேலை தேடிக்கொண்டார்.

டென்னிஸ் ஆடினார். குதிரை ஏறினார். மலை ஏறினார். விமானம் ஓட்டினார். திருவனந்தபுரத்தில் டென்னிஸ் கிளப் உண்டாகக் காரணமாக இருந்தார்.

அவருக்கு நான்கு பிள்ளைகள். மூத்த மகன் அவிட்டம் திருநாள், 1944-ல் ஆறு வயதில் இறந்து போனான். திருவிதாங்கூரின் வாரிசாக வளர்ந்த குழந்தை அது. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் தாய்மார்களும் குழந்தைகளும் போகும் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி அந்தச் சிறுவனின் நினைவாக எழுந்ததுதான். ஸ்ரீ அவிட்டம் திருநாள் என்பதன் சுருக்கமே எஸ்.ஏ.டி. பிரசவத்துக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் அங்கே வரிசையில் நின்ற தமிழ்க் குடும்பங்கள் பல. அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு தகப்பனின் துக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

வானத்தில் வந்த தபால்

ஜே.ஆர்.டி. டாட்டா 1932-ல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமானத் தபால் தொடங்கினார். அதைத் திருவிதாங்கூருக்கும் கொண்டு வர வேண்டும் என்று முயன்றவர்களில் முன்னால் நின்றவர் கோதவர்ம ராஜா. விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்பதால், விமான நிலையம் இல்லாத நாட்டின் குறை அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

சங்குமுகம் கடற்கரைக்குப் பக்கத்தில் இறங்குதளம் தயாரானது. 1935-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி டாட்டா கம்பெனியின் சிறிய விமானம் ஒன்று அங்கே வந்து இறங்கியது. பம்பாய், கோவா, கண்ணூர் வழியாக வந்த தபால் விமானம் அது. அந்தச் சிறிய இறங்குதளம் 1991-ம் ஆண்டு ஜனவரியில் சர்வதேச விமான நிலையம் ஆனது. நான்கு பெருநகரங்களுக்கு வெளியே இந்தியாவில் அந்தத் தகுதி பெற்ற முதல் நிலையம் அது. வளைகுடாவுக்கு வேலை தேடிப் போன லட்சக்கணக்கானவர்கள், குமரி மாவட்டத்துக்காரர்கள் உள்பட, அங்கிருந்துதான் விமானம் ஏறினார்கள்.

நாடு விடுதலை அடைந்து, சமஸ்தானம் போன பிறகும் அவர் ஒதுங்கவில்லை. 1950-ல் கிரிக்கெட் சங்கத்தின் முதல் தலைவர் ஆனார். அடுத்த ஆண்டே திருவிதாங்கூர்-கொச்சி அணி ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் இறங்கியது. 1954-ல் விளையாட்டுக் கவுன்சில் அமைத்தார். சர்க்கார் பணமும் விளையாட்டு வீரனும் ஒரே மேஜையில் சந்திக்கும்படி செய்த அமைப்பு அது. சாகும் வரை அதன் தலைவராக இருந்தார். அந்தக் கதையைப் பல பேர் எழுதியிருக்கிறார்கள். கோவளத்துக் கதை அந்த அளவுக்குச் சொல்லப்படவில்லை.

மூன்று பிறை

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளுக்கு நடுவே, மூன்று பிறை போல் வளைந்து கிடப்பது கோவளம். இல்மனைட் கலந்து மணல் அங்கங்கே கருத்திருக்கும். பாறைகளில் சிப்பி உண்டு. மூச்சடக்கி மூழ்கி அதைப் பெயர்த்து எடுப்பது இந்தக் கரையின் பழைய தொழில். வெறும் மணல் இருந்த இடத்தில் கரமடி வலை இழுத்தார்கள். இரண்டு கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்துப் பின்வாங்கிக்கொண்டே இழுக்க வேண்டிய வலை அது. ஆகவே நீளமும் அகலமுமான வெற்று மணல் அந்தத் தொழிலுக்கு முதல் மூலதனம்.

1930-ஐ ஒட்டி, மகாராணி சேது லட்சுமிபாயின் குடும்பம் அங்கே குன்றின் மேல் ஹால்சியன் மாளிகையைக் கட்டியது. அரச குடும்பத்தினரும் அவர்களுடைய ஐரோப்பிய விருந்தாளிகளும் வந்து போனார்கள். அவ்வளவுதான். ஊர் ஊராகவே இருந்தது.

இந்த இடத்துக்கு உலகம் வரும் என்று கணக்குப் போட்டவர் கோதவர்ம ராஜா. உல்லாசப் பயணத்துறை என்றால் என்னவென்று இங்கே சர்க்கார் அலுவலகங்களே சரியாக அறியாத நாளில், கேரளா டூர்ஸ் லிமிடெட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். பெயர் பெற்ற தாமஸ் குக் பயணக் கம்பெனியோடு தொடர்பு உண்டாக்கினார். அந்தத் தொடர்பு மூலம் கோவளத்தின் பெயர் ஐரோப்பாவில் பரவியது. பின்னாளில் அவரைக் கேரள உல்லாசப் பயணத்துறையின் தந்தை என்று அழைத்தது இதனால்தான்.

இதில் அவர் செய்தது பிழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தொழிற்சாலை இல்லாத நாடு. படித்த பையன்கள் பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயில் ஏறிக்கொண்டிருந்த காலம். கடலும் தென்னையும் மட்டும் இருக்கிற ஊருக்கு அதையே வைத்து வருமானம் வரும் என்றால், யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மத்திய சர்க்காரின் ஓட்டல் கோவளம் குன்றில் கட்டப்படத் தொடங்கியது 1969-ல். படம் போட்டவர் சார்லஸ் கொரியா. குன்றின் சரிவுக்குள் அறைகளைப் பதித்து, கடற்கரையிலிருந்து பார்த்தால் கட்டடம் கண்ணை உறுத்தாதபடி அமைத்தார். மணலைத் தொடவில்லை. கரையில் எப்படிக் கட்டலாம் என்பதற்கு அது ஒரு பாடம். அந்தப் பாடத்தைப் பின்னால் வந்தவர்கள் படிக்கவில்லை.

ஓட்டல் முழுதாக முடிவதற்குள், 1971-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, இமாலயத்தின் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் கோதவர்ம ராஜா காலமானார். வயது 62. விமானத்தை நேசித்த மனிதரை விமானமே கொண்டுபோயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னர் மானியமும் நாட்டில் ஒழிந்தது.

அவர் போன பிறகு வந்த கூட்டம்

1972-ல் விழிஞம் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. அதே காலத்தில் ஹிப்பிகள் வந்தார்கள். மீனவர் குடிசையில் திண்ணை வாடகைக்குக் கிடைத்தது. திண்ணை அறையாயிற்று, அறை மாடியாயிற்று. 1980-களில் தனி விமானங்களில் மொத்தம் மொத்தமாக ஐரோப்பியர் வரத் தொடங்கியபோது, தென்னந்தோப்பும் நெல்வயலும் இருந்த பள்ளத்தில் ஒன்றோடு ஒன்று தோள் இடிக்கக் கட்டடங்கள் எழுந்தன.

கழிவுநீர்க் குழாய் வருவதற்கு முன்னால் ஓட்டல் வந்துவிட்டது. இதுதான் எல்லாக் கேட்டுக்கும் வேர். அடியில் மணல்; மணலில் செப்டிக் தொட்டி; பத்தடி தள்ளிக் கிணறு. மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. மழைக்காலத்தில் பள்ளத்தில் சேர்ந்தது எல்லாம் ஓடையாகக் கடலுக்கு இறங்கியது. கிணற்றை நம்ப முடியாமல் பயணிகள் பாட்டில் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் குடித்து முடிந்தது, பாட்டில் மிஞ்சியது. வரிசை வரிசையாகக் குடையும் சாய்வு நாற்காலியும் போட்ட மணலில், கரமடிக்கு இடம் சுருங்கியது.

1991-ம் ஆண்டு பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறைச் சட்டவிதி வந்தது. ஏற்றக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. விதி வந்த பிறகும் கட்டடம் எழுந்தது. அதே விதியைக் காட்டி மீனவனின் ஓட்டு வீட்டுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது என்ற குறை இந்தக் கரை முழுவதும் உண்டு.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவளத்துக் குப்பையை எரிக்க ஒரு சூளை வைக்க யோசனை வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த தணல் என்ற அமைப்பு, எரிக்காமலே சமாளிக்கலாம் என்று இறங்கியது. ஓட்டல் எச்சிலில் எரிவாயு எடுத்தார்கள். பிளாஸ்டிக் பைக்குப் பதில் காகிதப் பையும் துணிப் பையும் தைக்க ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் சாமான் செய்தார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்தியாவில் ஒரு கடற்கரை ஊர் தன் குப்பையைத் தானே எண்ணிப் பார்த்தது அங்கேதான் என்று சொன்னால் தகும்.

பனிக் கண்டத்திலும் அதே கதை

இது கோவளத்து மக்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. மனிதர் குடியே இல்லாத தென் துருவத்திலும் இதே கதை நடந்திருக்கிறது.

கோதவர்ம ராஜா கோவளத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1966-ல், ஸ்வீடனில் பிறந்த லிண்ட்பிளாட் என்ற அமெரிக்கப் பயணக் கம்பெனிக்காரர், 57 பயணிகளை அர்ஜென்டினா கப்பலில் அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனார். 1969-ல் அதற்கென்றே ஒரு கப்பல் கட்டினார். பார்த்தவன் காப்பாற்றுவான் என்பது அவர் நம்பிக்கை. பார்க்க வந்தவர் தொகையோ ஐம்பதிலிருந்து ஆயிரமாகி, 2023-24 பருவத்தில் ஒரு லட்சத்தையும் தாண்டிவிட்டது.

1989-ம் ஆண்டு ஜனவரியில் அர்ஜென்டினாவின் பகியா பரைசோ கப்பல், பயணிகளோடு போய் அங்கே பாறையில் மோதி மூழ்கியது. சுமார் 6 லட்சம் லிட்டர் எண்ணெய் கடலில் கலந்தது. 2007-ல் லிண்ட்பிளாட் கட்டிய அதே கப்பல், வேறு முதலாளியிடம் ஓடிக்கொண்டிருந்தபோது, பனிக்கட்டியில் அடிபட்டு மூழ்கியது. அதில் இருந்த 154 பேரும் பிழைத்தார்கள். கப்பலின் எண்ணெய் அங்கேயே தங்கியது. கப்பல் புகையின் கரி படிந்து பனி வேகமாக உருகுகிறது என்று 2022-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டையை விடக் கறுப்புச் சட்டை வெயிலில் சுடுவது போலத்தான்.

அங்கே ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1991-ல் பயணக் கம்பெனிகள் ஒரு சங்கம் அமைத்துக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டன. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரை இறங்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆளை இறக்கவே கூடாது. வெளிநாட்டு விதையும் கிருமியும் ஒட்டி வராமல் பூட்ஸைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பென்குயின் பறவைக்கு ஐந்து மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். சங்கம் வைத்த விதி போதாது, நாடுகள் சேர்ந்து கட்டளையாகவே போட வேண்டும் என்ற பேச்சு வளர்ந்தது. 2024-ம் ஆண்டு மே மாதம் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகளின் 46-வது கூட்டம் நம் கொச்சியில் நடந்தபோது, உல்லாசப் பயணத்துக்கான கட்டுப்பாடு அங்கே ஒரு முக்கிய விஷயமாக இருந்தது. மைத்ரி, பாரதி என்று இரண்டு ஆராய்ச்சி நிலையங்களை அங்கே நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியாவுக்கும் அதில் குரல் உண்டு.

பென்குயினுக்கு ஐந்து மீட்டர் இடம் உண்டு. கரமடி இழுக்கிறவனுக்கு எத்தனை மீட்டர் என்று கோவளத்தில் எவரும் எழுதி வைக்கவில்லை.

கோட்டுகால் கரை

கோவளம் நிரம்பியதும் கூட்டம் தெற்கே நகர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள கோட்டுகால் பஞ்சாயத்தின் கடலோரம் முழுவதும் இந்த நகர்வுக்கு ஆளானது. புளிங்குடியிலும் சொவ்வரையிலும் பாறைக் குன்றுகளின் மேல் ஆயுர்வேத விடுதிகள் 1980-களில் தொடங்கின. சில விடுதிக்காரர்கள் உள்நாட்டுப் பழைய மர வீடுகளை விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள். மரம் தப்பியது. குன்றோரம் நடந்து கடலுக்கு இறங்கிய பழைய ஒற்றையடிப் பாதைகள் சில வேலிக்குள் போயின.

ஆழிமலை சிவன் கோயிலில் 58 அடி உயரமான கங்காதரேசுவரர் சிலை 2020 டிசம்பர் முடிவில் திறக்கப்பட்டது. அதன் பிறகு விடுமுறை நாளில் அங்கே வரும் கூட்டத்தில் வெள்ளைக்காரர் குறைவு. மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் அதிகம். கோதவர்ம ராஜா எதிர்பார்த்த பயணி இவர் அல்ல. ஆனால் கீழே விழும் பிளாஸ்டிக் தட்டுக்கு ஆள் வித்தியாசம் கிடையாது.

கரை அரிப்புக்கு உல்லாசப் பயணத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. விழிஞத்தில் 2015 டிசம்பரில் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் சுமார் மூன்று கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவர் எழுந்தது. அதனால்தான் தங்கள் மணல் போகிறது என்று 2022-ல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். துறைமுகத் தரப்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் அங்கே வந்து நின்றது. சிப்பி எடுத்தவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. சிப்பிப் பாறை கிடைக்கவில்லை.

2010-ல் விழிஞம் பஞ்சாயத்து திருவனந்தபுரம் மாநகராட்சியில் சேர்ந்தது. கோவளமும் அதனோடு போயிற்று. மாநகராட்சிக்கு லாரி உண்டு, ஆள் உண்டு. கோட்டுகால் இன்னும் பஞ்சாயத்துதான். ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக, கடை கடையாக ஏறி, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைச் சாக்கில் கட்டுகிறார்கள். விடுமுறைக்கு மறுநாள் சாக்குகளின் எண்ணிக்கை கூடும்.